பூட்டிக் கிடக்கும் ஊராட்சிக் கட்டடத்தை இளைஞர் மன்றம் ஏற்று நடத்துவது எப்படி? கொங்கு ஊர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கொங்குப் பக்கம் எந்த ஊருக்குள் போனாலும் பூட்டுத் தொங்கும் அரசுக் கட்டடம் ஒன்றாவது கண்ணில் படும். பழைய ரேடியோ ரூம், டிவி ரூமாக மாறி, டிவியும் போன பிறகு சும்மா கிடக்கும். மாதர் சங்கக் கட்டடம், சமுதாயக் கூடம் என்று சில இருக்கும். 2006 முதல் 2011 வரை நடந்த அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகமும் விளையாட்டுத் திடலும் வந்தன. 2016-ல் அறிவித்த அம்மா உடற்பயிற்சிக் கூடங்கள் சில ஊர்களில் இருக்கின்றன. இவற்றில் பல இப்போது பிளீச்சிங் பவுடர் மூட்டையும் கொசு மருந்து மெஷினும் வைக்கும் குடோன். அதே ஊரில் சாயங்காலம் பையன்கள் பஸ் ஸ்டாப் திண்டில் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கும்மி பழக இடமில்லாமல் பெண்கள் கோயில் வாசலில் தெருவிளக்கு வெளிச்சத்தில் ஆடிக்கொண்டிருப்பார்கள்.

இப்படி ஒரு கட்டடத்தைக் கேட்டு வாங்கி, திறந்து, தொடர்ந்து நடத்த நினைக்கும் இளைஞர்களுக்காக இதை எழுதுகிறேன். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். கட்டடத்தை "எங்கள் மன்றத்துக்கு எழுதிக் கொடுங்கள்" என்று கேட்காதீர்கள். "ஊராட்சிச் சொத்தாகவே இருக்கட்டும், நாங்கள் ஏற்று நடத்துகிறோம்" என்று கேளுங்கள். பணிவுக்காகச் சொல்லவில்லை, லாபமே அதில்தான் இருக்கிறது. கட்டடம் பொதுச்சொத்தாக இருக்கும்வரை அதன் கூரையை ஊராட்சி நிதியில் சரிசெய்யலாம், எம்.எல்.ஏ. தொகுதி மேம்பாட்டு நிதியில் கழிப்பறை கேட்கலாம். சங்கத்தின் பெயருக்கு மாறிவிட்டால் ஒழுகும் தளம் முழுக்க உங்கள் தலையில்.

இங்கிலாந்தில் இந்த அனுபவம் ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கிறது. 2010-க்குப் பிறகு அங்கே உள்ளாட்சிகளுக்கான நிதி வெட்டப்பட்டபோது நூற்றுக்கணக்கான இளைஞர் மையங்கள் மூடப்பட்டன. அவற்றில் சிலவற்றை உள்ளூர்த் தன்னார்வக் குழுக்கள் நீண்ட காலக் குத்தகைக்கு, பேருக்கு ஒரு வாடகை கொடுத்து ஏற்றுக்கொண்டன. பொதுநன்மைக்காக என்றால், சந்தை மதிப்பைவிட 20 லட்சம் பவுண்டு வரை குறைத்தும் உள்ளாட்சிகள் சொத்தைக் கொடுக்கலாம் என்று 2003-லேயே அங்கே ஒரு பொது அனுமதி இருந்தது. நம்மிடம் அப்படி ஒரு தனி வழி கிடையாது. அதனால் அவர்கள் பாணியில் கேட்டுப் பயனில்லை. ஆனால் கட்டடத்தோடு அதன் பழைய கூரையும் சேர்ந்துதான் கைக்கு வரும் என்ற பாடம் இங்கேயும் பொருந்தும்.

முதலில் கட்டடத்தின் ஜாதகம்

கட்டடம் யாருடையது என்று தெரியாமல் யாரிடமும் மனுக் கொடுக்காதீர்கள். ஊருக்குள் இருப்பதால் ஊராட்சிக் கட்டடம் என்று நினைப்போம். விசாரித்தால் ஊராட்சி ஒன்றியத்தின் சொத்தாக இருக்கும், அல்லது சமூகநலத் துறை கட்டியதாக இருக்கும். பழைய கூட்டுறவுச் சங்கக் கட்டடமாகவும் இருக்கலாம். நிலம் தனிக் கதை. கட்டடம் ஊராட்சியுடையது, அது நிற்கும் இடம் கோயில் நிலம் என்ற சிக்கல் கொங்கில் புதிதல்ல. அப்படியென்றால் அறநிலையத் துறையும் உள்ளே வந்துவிடும்.

பார்க்க வேண்டிய காகிதங்கள் மூன்று. கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டில் அந்தப் புல எண் எந்த வகைப்பாட்டில் இருக்கிறது என்று பாருங்கள். நத்தமா, மந்தையா, மேய்க்காலா, ஓடைப் புறம்போக்கா? நீர்நிலைப் புறம்போக்கு என்றால் அந்தக் கட்டடத்தை விட்டுவிடுங்கள். நீதிமன்ற உத்தரவு வந்து என்றைக்கு இடிப்பார்கள் என்று சொல்ல முடியாது. அடுத்தது புல வரைபடம். மூன்றாவது, ஊராட்சியின் சொத்துப் பதிவேடு. எந்த ஆண்டு, எந்தத் திட்டத்தில், எவ்வளவு செலவில் கட்டப்பட்டது என்பது அதில் இருக்கும்.

ஊராட்சிச் செயலர் நல்லவராக இருந்தால் அரை மணி நேரத்தில் காட்டிவிடுவார். இழுத்தடித்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. வெள்ளைத் தாளில் எழுதி 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பினால் 30 நாளில் பதில் வர வேண்டும். ஆனால் எடுத்ததும் இதைக் கையில் எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. நாளைக்கு அதே செயலரோடு உட்கார்ந்துதான் தீர்மானம் எழுத வேண்டும். முதல் அறிமுகமே நோட்டீஸாக இருந்தால் அப்புறம் ஒவ்வொரு கையெழுத்துக்கும் நடக்க வேண்டிவரும்.

அந்தக் கட்டடம் வாக்குச்சாவடியா என்பதையும் கேட்டு வையுங்கள். பல ஊர்களில் அப்படித்தான். அதனால் தடை ஒன்றும் இல்லை, தேர்தல் நேரத்தில் காலி செய்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

கட்டடம் நிற்குமா?

இதில்தான் இளைஞர்கள் ஏமாறுகிறார்கள். வெளியே பெயின்ட் அடித்தால் போதும் என்று தோன்றும். உள்ளே தளத்தின் அடிப்பக்கம் பூச்சு உதிர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால் பெயின்ட் ஒன்றும் செய்யாது. நீங்களே முதலில் பாருங்கள். தளத்தில் ஈரத் திட்டு இருக்கிறதா, சுவர் மூலையில் சாய்வாக விரிசல் ஓடுகிறதா, மொட்டைமாடியில் ஆலஞ்செடியோ அரசஞ்செடியோ வேர் விட்டிருக்கிறதா? ஓட்டுக் கட்டடமாக இருந்தால் கூரையின் மரச் சட்டத்தில் கரையான் இருக்கிறதா என்று பாருங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று அடிக்கும் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கமாக இருந்தால் தகர ஷீட் எப்படி மாட்டியிருக்கிறது என்று தனியாகப் பாருங்கள்.

பிறகு ஒன்றியப் பொறியாளரிடம் எழுத்தில் உறுதித்தன்மை அறிக்கை கேளுங்கள். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து 3 மாணவர்கள் இறந்ததை யாரும் மறக்கவில்லை. பழைய கட்டடத்துக்குக் கையெழுத்துப் போட எந்தப் பொறியாளரும் யோசிப்பார். யோசிக்கட்டும், அதுதான் நல்லது. "இன்னின்ன வேலை செய்தால் பயன்படுத்தலாம்" என்று அவர் எழுதிக் கொடுத்தால் அந்தத் தாளே உங்கள் மதிப்பீட்டுப் பட்டியல் ஆகிவிடும். "பயன்படுத்த உகந்ததல்ல" என்று எழுதினால் அதோடு விட்டுவிட்டு வேறு கட்டடம் தேடுங்கள். பிள்ளைகள் வந்து உட்காரப் போகிற இடம் அது.

சங்கம்: பெயர் முதல் பைலா வரை

தனி ஆளுக்கோ பதிவில்லாத நண்பர் குழுவுக்கோ அரசுக் கட்டடம் தர மாட்டார்கள். 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிய வேண்டும். குறைந்தது 7 பேர் வேண்டும். பதிவுத் துறை இணையதளத்தில் விண்ணப்பித்து மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முடிக்கலாம்.

பெயரில் கவனம். நடிகர் பெயர், கட்சி நிறம், சாதி வாடை எது இருந்தாலும் கோப்பு முதல் மேசையிலேயே நிற்கும். நிற்பது நியாயமும்கூட. ஊர்ப் பெயரை வைத்து ஒரு படிப்பகம் அல்லது இளைஞர் மன்றம் என்று வைத்தால் யாருக்கும் உறுத்தாது.

பைலாவில், அதாவது சங்கத்தின் விதிமுறைகளில், உறுப்பினர் தகுதியை எழுதும் இடம்தான் மொத்த வேலையிலும் முக்கியமான இடம். கொங்கு ஊர்களின் அமைப்பு நமக்குத் தெரியும். ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம். கட்டடம் ஊருக்குள் இருந்தால் காலனிப் பிள்ளைகள் தானாக வர மாட்டார்கள். காலனியில் இருந்தால் ஊர்ப் பிள்ளைகளை வீட்டில் அனுப்ப மாட்டார்கள். "அனைவருக்கும் அனுமதி உண்டு" என்று ஒரு வரி எழுதிவிட்டால் இது மாறிவிடாது. நிர்வாகக் குழுவில் இரண்டு பக்கத்தவரும் இருக்க வேண்டும், சாவி இரண்டு பக்கத்திலும் இருக்க வேண்டும், பெண்கள் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்று பைலாவிலேயே எழுதுங்கள். இதற்கு ஊரில் முணுமுணுப்பு வரும். பதிவுக்கு முன்னாடியே அது வந்து தீர்ந்துவிடுவது நல்லது. கட்டடம் கைக்கு வந்த பிறகு வந்தால் கலெக்டர் ஆபீஸ் வரை போகும். திருப்பூர், பல்லடம், பெருந்துறைப் பக்கமாக இருந்தால் மில், பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் வடமாநிலத்தார் பிள்ளைகளும் அந்தப் பகுதியில்தான் வளர்கிறார்கள். அவர்களையும் கணக்கில் வையுங்கள்.

பதிவானதும் சங்கத்தின் பெயரில் பான் கார்டும், இருவர் கையெழுத்தில் இயங்கும் வங்கிக் கணக்கும் எடுத்துவிடுங்கள். பதிவு ஒருமுறை செய்தால் முடிந்தது என்று நினைத்துவிட வேண்டாம். ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி, கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். பல மன்றங்கள் இதை விட்டுவிட்டுப் பல வருடம் கழித்து மொத்தமாக அபராதம் கட்டுகின்றன.

மாதக் கணக்கை எழுதிப் பாருங்கள்

மனு எழுதுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். ஒரு கணக்குக்கு, 600 சதுர அடியில் ஒரு ஹால், ஒரு கழிப்பறை என்று வைத்துக்கொள்வோம். கரண்ட் 700, கூட்டிப் பெருக்குபவருக்கு 2,000, நாளிதழ், பல்பு, பினாயில் எல்லாம் 800, மழைக்கால ரிப்பேருக்கு எடுத்து வைப்பது 1,500. மாதம் 5,000 ரூபாய். உறுப்பினர் 40 பேர், தலைக்கு 50 ரூபாய் சந்தா, எல்லோரும் ஒழுங்காகக் கொடுத்தாலும் வருவது 2,000. மீதி 3,000 எங்கிருந்து வரும்?

பதில் இல்லையென்றால் கட்டடத்தைக் கேட்கவே வேண்டாம். ஆரம்ப உற்சாகத்தில் கையிலிருந்து போடுவார்கள், ஆறு மாதத்தில் அந்தக் கை சோர்ந்துவிடும். வழக்கமாகக் கைகொடுப்பது ஊரிலிருந்து வெளியே போய்ச் சம்பாதிக்கும் நான்கைந்து பேர் மாதாமாதம் தருவதாக ஒப்புக்கொள்ளும் தொகை. திருவிழா நேரத்தில் மொத்தமாக வாங்குவதைவிட இது மேல். வெளிநாட்டில் இருப்பவர் இந்தியப் பாஸ்போர்ட்டோடு இருந்தால் அவர் பணத்தை வாங்கலாம். அந்நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர், ஓ.சி.ஐ. அட்டைக்காரர் (வெளிநாட்டுக் குடிமகனாகிவிட்ட இந்திய வம்சாவளியினர்) பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகிவிடும். எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) அனுமதி இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

நன்கொடையாளருக்கு வரிச்சலுகை வேண்டுமென்றால் 12ஏ, 80ஜி என்று அறியப்படும் வருமான வரித் துறைப் பதிவுகள் வேண்டும். அதற்கும் ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் சலுகை கிடையாது. கோவை பம்ப்செட் கம்பெனியோ திருப்பூர் ஏற்றுமதி நிறுவனமோ சி.எஸ்.ஆர். (நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு) நிதி தர முன்வந்தால் இந்தப் பதிவுகளோடு சி.எஸ்.ஆர்.-1 படிவப் பதிவும் கேட்பார்கள். முதல் வருடத்தில் இதற்கெல்லாம் அலையத் தேவையில்லை.

ஹாலைக் காதுகுத்துக்கும் சீருக்கும் வாடகைக்கு விடலாமே என்று யாராவது சொல்வார்கள். அதில் ஒரு கண்ணி இருக்கிறது. பொதுக் கட்டடத்திலிருந்து வரும் வாடகை ஊராட்சிக்குச் சேர வேண்டிய வருமானம். நீங்கள் வசூலித்தால் தணிக்கையில் கேள்வி வரும். வசூலிப்பதாக இருந்தால் எவ்வளவு, யாருக்கு எந்தப் பங்கு, ரசீது யார் பெயரில் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் வேண்டாம்.

தீர்மானம் வாங்குவது

இப்போது மனு. யாருக்கு என்பது இடத்தைப் பொறுத்தது. கிராம ஊராட்சி என்றால் ஊராட்சித் தலைவருக்கு எழுதி, வட்டார வளர்ச்சி அலுவலருக்கு (கிராம ஊராட்சி) நகல் அனுப்புங்கள். கொங்கு மாவட்டங்களின் கிராம ஊராட்சிகளுக்கு 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தனி அலுவலர் காலத்தில் மனு அவருக்குத்தான். பேரூராட்சியில் செயல் அலுவலர், நகராட்சியிலும் மாநகராட்சியிலும் ஆணையர். கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், கரூர், நாமக்கல் மாநகராட்சிகளில் கவுன்சிலர் ஆதரவு இல்லாமல் கோப்பு மாமன்றக் கூட்டப் பொருளில் ஏறாது. அங்கே முதல் கதவு அவர் வீடுதான்.

மனு இரண்டு பக்கம் போதும். கட்டடத்தின் விவரம், பொறியாளர் அறிக்கை, சங்கப் பதிவுச் சான்று, மாதக் கணக்கு, வாரத்தில் எந்த நேரத்தில் என்ன நடக்கும் என்ற அட்டவணை. இந்த அட்டவணைதான் அதிகாரியை நம்பவைக்கும். காலை 6 மணிக்கு உடற்பயிற்சி, சாயங்காலம் 5 முதல் 7 வரை பள்ளிப் பிள்ளைகள் படிப்பு, சனி ஞாயிறு டி.என்.பி.எஸ்.சி. பயிற்சி, இரவு 7 முதல் 9 வரை வள்ளி கும்மிப் பயிற்சி என்று எழுதினால் கட்டடம் சும்மா கிடக்காது என்று புரியும். கும்மியை விட்டுவிடாதீர்கள். 2024-ல் பத்மஸ்ரீ பெற்ற வள்ளி ஒயில்கும்மி ஆசான் பத்திரப்பன் நம் கோவை மாவட்டத்துக்காரர்தான், பெண்களுக்கும் சொல்லிக் கொடுத்தவர். கும்மி இருந்தால் பெண்கள் தைரியமாக உள்ளே வருவார்கள். கேரம் போர்டும் கபடி பேச்சும் மட்டும் இருந்தால் அது பையன்கள் அறையாகவே நின்றுவிடும்.

அடுத்தது கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். கூட்டப் பொருளில் உங்கள் விஷயத்தை முன்கூட்டியே சேர்க்கச் சொல்லுங்கள். அன்றைக்குப் போய் எழுந்து நின்று பேசினால் "மற்றவை" என்ற தலைப்பில் ஒரு வரியாகக் கரைந்துவிடும். குறைவெண் வரம்பு முக்கியம். மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும். கூட்டம் சேர்ப்பதை ஊராட்சியிடம் விட்டுவிடாமல் வீடு வீடாகச் சொல்லுங்கள். எதிர்ப்பவர்கள் இருந்தால் அவர்களையும் வரச்சொல்லுங்கள், அவர்கள் பேசிய பிறகு நிறைவேறும் தீர்மானத்துக்குத்தான் ஆயுள் அதிகம்.

கிராம சபைத் தீர்மானம் விருப்பத்தைக் காட்டும். அதன் பிறகு ஊராட்சியின் தனித் தீர்மானம் வேண்டும். அதில் புல எண், கட்டடத்தின் அளவு, சங்கத்தின் பதிவு எண், காலம், நோக்கம் எல்லாம் இருக்கிறதா என்று கையெழுத்தாகும் முன் வாசித்துப் பாருங்கள். "மன்றத்தின் கோரிக்கை ஏற்கப்பட்டது" என்று மட்டும் எழுதினால் அது எதற்கும் உதவாது.

அதிகாரி பயப்படுவது உங்களுக்கு அல்ல, தணிக்கைக்கு. உள்ளாட்சி நிதித் தணிக்கையில் "ஏலம் விடாமல் பொதுச்சொத்தை ஏன் கொடுத்தீர்கள்?" என்று கேட்டால் அவர்தான் பதில் எழுத வேண்டும். அந்தப் பதிலை நீங்களே முன்கூட்டித் தயார் செய்து கொடுங்கள்: லாப நோக்கம் இல்லை, குத்தகை இல்லை, சொத்து கைமாறவில்லை, பராமரிப்புச் செலவு ஊராட்சிக்கு மிச்சம், கணக்கு கிராம சபையில் வைக்கப்படும். இழுபறியானால் திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுத்து எண் வாங்குங்கள். மாவட்ட ஆட்சியர்தான் ஊராட்சிகளின் ஆய்வாளர் என்பதால் அந்த மனு சுற்றி மறுபடியும் வட்டார அலுவலகத்துக்குத்தான் வரும், ஆனால் பதில் எழுத வேண்டிய மனுவாக வரும்.

ஒப்பந்தம்

வாய்வார்த்தையில் சாவி வாங்காதீர்கள். தலைவர் மாறினால் சாவியும் மாறும். முத்திரைத் தாளில் பராமரிப்பு மற்றும் பயன்பாட்டு ஒப்பந்தம் எழுதுங்கள்.

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்பதால்தான் எல்லோரும் 11 மாதம் என்று எழுதுகிறார்கள். உங்களுக்கும் அதையே நீட்டுவார்கள். 11 மாதத்தை நம்பி யாரும் கழிப்பறை கட்ட மாட்டார்கள். ஆனால் முதல் முறையிலேயே நீண்ட காலம் கேட்டால் மேலிட அனுமதி இல்லாமல் கோப்பு நகராது. நடுவழி ஒன்று உண்டு: முதல் ஒப்பந்தம் குறுகியதாக இருக்கட்டும். நிபந்தனைகளை மீறாதவரை புதுப்பிக்கப்படும் என்ற வரி ஒப்பந்தத்திலும் தீர்மானத்திலும் இருக்கட்டும். பெரிய செலவை முதல் புதுப்பித்தலுக்குப் பிறகு வையுங்கள்.

உள்ளே கட்டாயம் இருக்க வேண்டியவை: தளம், சுவர், அஸ்திவாரம் போன்ற பெரிய ரிப்பேர் ஊராட்சியுடையது, சில்லறை வேலை சங்கத்துடையது என்ற பிரிவு. மின் இணைப்பு யார் பெயரில், எந்தக் கட்டண வகையில், பழைய பாக்கி யார் தலையில். பாக்கியைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு திணறும் சங்கங்கள் உண்டு. உள்வாடகைக்கு விடக்கூடாது, கட்சிக் கூட்டமோ சாதிச் சங்கக் கூட்டமோ மதக் கூட்டமோ நடக்காது, தேர்தலுக்கும் வெள்ள முகாமுக்கும் திருப்பிக் கொடுப்போம் என்ற வரிகளும் வேண்டும். எந்தத் தரப்பு விலகினாலும் 3 மாத அறிவிப்பு. சங்கம் போட்ட மின்விசிறி, புத்தகம், ஜிம் சாமான் யாருக்குச் சேரும் என்ற பட்டியல். கடைசியாக, ஒப்படைக்கும் நாளில் கட்டடம் எப்படி இருந்தது என்று காட்டும் படங்கள், இரு தரப்புக் கையெழுத்தோடு. விரிசல் நீங்கள் வருவதற்கு முன்பே இருந்தது என்று நிரூபிக்க வேறு வழியில்லை.

பெரிய ரிப்பேருக்குப் பணம்

'நமக்கு நாமே' திட்டத்தைக் கேளுங்கள். மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். 3 லட்ச ரூபாய் வேலைக்கு ஊர் 1 லட்சம் திரட்டினால் போதும். எம்.எல்.ஏ. தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய், கேட்பவர்களும் அதற்கேற்ற கூட்டம். பொறியாளர் மதிப்பீட்டுத் தாளோடு போனால் மட்டுமே பேச்சு நகரும். பணமாகக் கேட்காமல் வேலையாகக் கேளுங்கள்: சுற்றுச்சுவர், கழிப்பறை, தளத்துக்கு ஒழுகல் தடுப்புப் பூச்சு.

திறந்த பிறகு

போர்டில் ஊராட்சியின் பெயர் மேலே பெரிதாக, சங்கத்தின் பெயர் கீழே. இது சின்ன விஷயமாகத் தெரியும், புதிதாக வரும் தலைவருக்குச் சின்ன விஷயமல்ல. வருகைப் பதிவேடு, வரவு செலவுப் புத்தகம், பொருள் பதிவேடு ஆகிய மூன்றையும் முதல் நாளிலிருந்தே எழுதுங்கள். வரவு செலவை மாதம் ஒருமுறை சுவரில் ஒட்டுங்கள், அதற்குப் பிறகு டீக்கடையில் வதந்திக்கு வேலை குறைவு. பெண்கள் வரும் நேரத்தில் பெண் பொறுப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும், இரவு 9 மணிக்கு மேல் யாரும் தங்கக்கூடாது. மதுபாட்டில் ஒன்று உள்ளே கிடந்ததாகப் படம் வெளியானால் இத்தனை காகிதமும் வீண்.

ஒவ்வொரு கிராம சபையிலும் அரைப் பக்க அறிக்கை வாசியுங்கள். உள்ளாட்சித் தேர்தல் முடிந்து புதுத் தலைவர் பதவியேற்ற வாரத்திலேயே, தீர்மான நகல், ஒப்பந்தம், பொறியாளர் அறிக்கை, கடைசி ஆண்டுக் கணக்கு நான்கையும் ஒரே ஃபைலில் வைத்து அவரிடம் நேரில் கொடுத்துவிட்டு, பெற்றுக்கொண்டதற்கு நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.